இரண்டாவது கையெழுத்து யாருடையது? ஏ.எம்.இ. படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விமானப் பராமரிப்புப் பொறியியல் படித்துக்கொண்டிருப்பவர்கள், படிப்பை முடித்துவிட்டு ஏதோ ஒரு ஹேங்கரில், அதாவது விமானப் பராமரிப்புக் கூடத்தில், பயிற்சிக்குச் சேர்ந்திருப்பவர்கள், லைசென்ஸுக்காக ஒவ்வொரு மாட்யூல் பரீட்சையாக எழுதித் தள்ளிக்கொண்டிருப்பவர்கள், உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். இதே தொழிலுக்கு உங்களுக்கு முன்னால் வந்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். ஒரு விபத்தைப் பற்றி உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும். 19 பயணிகள் உட்காரும் சின்ன விமானம் அது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விழுந்துவிட்டது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனால் அந்த விபத்து முந்தாநாள் இரவே, வேறொரு ஊர் ஹேங்கரில், அந்த வேலையை முதன்முதலாகச் செய்த ஒரு மெக்கானிக்கின் கையில் ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் விமானிகளைவிட உங்களுக்கு இது நெருக்கமான விஷயம் என்று நினைக்கிறேன்.

2003 ஜனவரி 8, புதன்கிழமை காலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஷார்லட் விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 5481 எண் விமானம், யூ.எஸ். ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில், பக்கத்து மாநிலத்திலுள்ள கிரீன்வில்–ஸ்பார்ட்டன்பர்க் போகக் கிளம்பியது. பக்கத்து ஊருக்குப் போவது மாதிரியான குறுகிய பயணம்தான். விமானம் பீச்கிராஃப்ட் 1900டி, இரட்டை டர்போபிராப். 19 இருக்கைகளும் நிறைந்திருந்தன. விமானிகள் இருவர். 20 இருக்கைக்குக் குறைவு என்பதால் பணிப்பெண் கிடையாது.

ஓடுதளத்தை விட்டு எழும்பியதும் மூக்கு மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. விமானிகள் இருவரும் விமானத்தை ஓட்டும் பிடியை (கண்ட்ரோல் காலம்) முன்னால் தள்ளுகிறார்கள், மூக்கு இறங்கவில்லை. அவசரநிலை என்று கேப்டன் ரேடியோவில் சொல்லியும்விட்டார். ஒரு கட்டத்தில் மூக்கு 54 டிகிரி நிமிர்ந்திருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 1,150 அடி உயரத்தில் வேகம் செத்து, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, சரிந்து, யூ.எஸ். ஏர்வேஸின் பராமரிப்பு ஹேங்கர் மீதே வந்து மோதியது. 21 பேரும் இறந்தார்கள். ஹேங்கரில் இருந்த ஒரு மெக்கானிக் புகையில் மூச்சுத் திணறிச் சிகிச்சை பெற்றார்.

விசாரணைக்கு வந்தது என்.டி.எஸ்.பி. என்கிற தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். சம்பவ இடத்துக்கு வந்த வாரிய உறுப்பினர் ஜான் கோக்லியா. வாரியத்தில் உறுப்பினரான முதல் லைசென்ஸ் பெற்ற விமான மெக்கானிக் அவர்தான். நம் தொழில்காரர் ஒருவர் அந்த நாற்காலி வரை போயிருக்கிறார் என்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தெரிந்துகொள்ளுங்கள், மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

விமானத்தின் டேட்டா ரெகார்டரைப் பிரித்துப் பார்த்தார்கள். வாலில் இருந்து விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் தகடுதான் எலிவேட்டர். அதன் கண்ட்ரோல் எங்கே நிற்கிறது என்று காட்டும் பதிவு, ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து இடம் மாறியிருந்தது. அந்த நாளில் என்ன நடந்தது என்று தேடினால், ஜனவரி 6 இரவு மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் நடந்த பராமரிப்பு வேலை வந்து நின்றது.

அந்த இரவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எலிவேட்டர் கேபிள் நாளாக ஆக நீளும், தொய்யும். குறிப்பிட்ட இடைவெளியில் டென்ஷியோமீட்டர் வைத்து அளந்து, தொய்வு இருந்தால் டர்ன்பக்கிளைத் திருகி இறுக்க வேண்டும். மாட்யூல் 7-இல் படம் வரைந்திருப்பீர்கள். நடுவில் ஒரு குழல், ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. குழலைச் சுற்றினால் இரண்டு முனைகளும் சேர்ந்தாற்போல் உள்ளே வரும், கேபிள் இறுகும். குழலுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது, பிறகு லாக் வயர் கட்ட வேண்டும். பரீட்சைக்கு இது போதும்.

வேலைக்குப் போதாது. எலிவேட்டருக்கு மேலே இழுக்க ஒரு கேபிள், கீழே இழுக்க ஒரு கேபிள். இரண்டிலும் டென்ஷன் சரியாக இருக்கும்போதே எலிவேட்டர் நிற்க வேண்டிய நடுநிலை மாறிப்போயிருக்கலாம். ஒரு பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் திருகினால் மீட்டரில் எண் சரியாகத்தான் வரும், ஆனால் எலிவேட்டர் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ரிக் பின் என்கிற ஊசியைச் செருகி நடுநிலையைப் பிடித்து, வேலை முடிந்ததும் மேலே எத்தனை டிகிரி, கீழே எத்தனை டிகிரி போகிறது என்று கருவி வைத்து அளப்பதுதான். ஷார்லட் விமானத்தில் மூக்கை இறக்குகிற பக்கத்தில் எலிவேட்டர் ஏறத்தாழ 7 டிகிரியோடு நின்றுவிட்டது. போக வேண்டியதில் பாதி.

மெக்கானிக் புதியவர் அல்ல, வேறு விமானங்களில் வேலை செய்தவர். ஆனால் பீச் 1900-இல் இந்த வேலை அவருக்கு முதல்தடவை. அதனால் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் தர ஆய்வாளர். மேனுவலில் கேபிளை மட்டும் இறுக்குவதற்கென்று தனியாக ஒரு பகுதி இல்லை. எலிவேட்டர் ரிக்கிங், அதாவது கேபிளையும் எலிவேட்டரின் நிலையையும் சேர்த்துச் சரிசெய்யும் வேலை, முழுவதற்குமான நீண்ட நடைமுறைதான் இருந்தது. நாம் டென்ஷனைத்தானே சரிசெய்கிறோம், முழு ரிக்கிங்கும் எதற்கு என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஆய்வாளரும் ஒப்புக்கொண்டார். சில ஸ்டெப்களைத் தாண்டினார்கள். எழுதியிருந்தபடியே எல்லா ஸ்டெப்பையும் செய்திருந்தால் பிழை அங்கேயே, ஹேங்கர் தரையிலேயே தெரிந்திருக்கும் என்பதுதான் விசாரணையின் முடிவு.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வேலை முடிந்த பிறகு அதைச் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? அதே ஆய்வாளர். எந்த ஸ்டெப் வேண்டாம் என்று சேர்ந்து முடிவெடுத்தாரோ, அவரே. கூடவே நின்று சொல்லிக்கொடுத்தவர் தாமே சொல்லிக்கொடுத்ததை எப்படிச் சந்தேகப்படுவார்? அவருடைய மனதில் வேலை ஏற்கெனவே சரியாக முடிந்துவிட்டது. அவர் சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவர் என்றோ நான் நினைக்கவில்லை. நல்ல ஆசிரியராகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரவில், அந்த ஒரு கேபிளைப் பொறுத்தவரை, இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தும் பார்த்தது ஒரு ஜோடிதான். அதனால் தாளில் இருந்த இரண்டு கையெழுத்துக்கும் ஒரு கையெழுத்தின் மதிப்புதான்.

என்.டி.எஸ்.பி. இதைச் சரியாகப் பிடித்தது. ஒரு வேலையை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வாளரே அந்த வேலையின் கட்டாய ஆய்வையும் செய்யக்கூடாது, அதைத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையில் எடை பற்றியும் ஒப்பந்தங்கள் பற்றியும் எத்தனையோ இருக்கிறது. என்னைக் கேட்டால் உங்களுக்கு முதலில் வேண்டியது இந்த ஒரு வரிதான். நம் ஊரில் டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லிப் பழகிவிட்ட விஷயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஃப்ளைட் கண்ட்ரோலைத் தொட்டால், தொட்டவரைச் சாராத இன்னொருவர் தனியாக, முதலிலிருந்து பார்க்க வேண்டும். ‘நான் பார்த்துட்டேன், நீயும் ஒரு கையெழுத்து போட்டுடு’ என்று சொல்லி வாங்குவதற்குப் பெயர் ஆய்வு அல்ல.

அப்புறம், மேனுவலிலும் ஓட்டை இருந்தது. எலிவேட்டர் கேபிளைச் சரிசெய்தபின் விமானி அறையிலிருந்து முழு அசைவையும் இயக்கிப் பார்த்து உறுதிசெய்யும் செயல்பாட்டுச் சோதனை தேவை என்று அதில் எழுதவில்லை. எழுதாததைச் செய்யவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தொட்டீர்களோ, அதைக் கடைசியில் முழுதாக இயக்கிப் பாருங்கள். மேனுவல் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று டெக்னிக்கல் சர்வீஸஸில் கேளுங்கள். மேனுவலில் பிழை இருந்தால் எழுதிக் கேட்க வழி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

‘அவ்வளவு பெரிய பிழை என்றால் அடுத்த நாளே விழுந்திருக்க வேண்டுமே’ என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஜனவரி 7 காலையில் விமானத்தைச் சேவைக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அது பல தடவை பறந்தது, பத்திரமாக இறங்கியது. எந்த விமானியும் எதையும் எழுதி வைக்கவில்லை. பின்னே 8ஆம் தேதி காலையில் மட்டும் என்ன ஆனது?

எடை. அன்றைக்கு எல்லா இருக்கையும் நிறைந்திருந்தன, பின்பக்கச் சாமான் அறையும் நிறைந்திருந்தது. விமானிகள் கணக்குப் போட்டார்கள். அதிகபட்சம் 17,120 பவுண்டு, அவர்கள் கணக்கில் வந்தது 17,018. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கில் யாரையும் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை. ஒரு பயணி சராசரியாக இவ்வளவு, ஒரு பெட்டி சராசரியாக இவ்வளவு என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் ஒப்புதல் பெற்ற எண்களை வைத்துப் பெருக்கினார்கள். அந்த எண்கள் பழையவை. மனிதர்களோ அதற்குள் கனத்துவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு குடும்பத்தாரிடமும் மருத்துவ ஆய்வாளரிடமும் விவரம் வாங்கி, கிடைத்த பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, விமானம் அனுமதித்த எடையைவிட 580 பவுண்டு, அதாவது சுமார் 263 கிலோ அதிகமாக இருந்தது தெரிந்தது. சராசரி என்று எடுத்துக்கொண்டதைவிட ஒரு பயணி 20 பவுண்டுக்கும் மேல் கூடுதல். எடை கூடியது மட்டுமா, எடை மையமும் பின்பக்க எல்லையைத் தாண்டி 5 சதவீதம் பின்னால் போயிருந்தது.

வால் கனத்தால் மூக்கு தானாக மேலே போகப் பார்க்கும். அதை அடக்க எலிவேட்டரைக் கீழே இறக்க வேண்டும். முந்தைய பயணங்களில் கூட்டம் குறைவு, சுமை குறைவு, ஏழு டிகிரிக்குள்ளேயே காரியம் நடந்துவிட்டது. 8ஆம் தேதி முழு அளவும் தேவைப்பட்டது. இருந்தது பாதி. இரண்டு பிழைகளில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்காது என்று தெரிகிறது. அதாவது ஹன்டிங்டனில் நடந்த தவறை அத்தனை பயணங்களிலும் மூடி மறைத்து வைத்திருந்தது காலி இருக்கைகளும் காலிச் சாமான் அறையும்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் செய்த வேலைக்குப் பிறகு விமானம் பத்திரமாகப் போய் வந்தால் வேலை சரி என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், ஹேங்கரில் அதுதான் பேச்சு: ‘நேற்று போயிட்டு வந்திருச்சே, அப்புறம் என்ன?’ விமானத்தை வடிவமைத்தவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். உங்கள் பிழை அந்த இடத்துக்குள் ஒளிந்துகொள்ளும். இன்னொருவரின் பிழை வந்து அந்த இடத்தைத் தின்று தீர்க்கும்வரை வெளியே தெரியாது. அந்த இன்னொருவர் உங்களுக்கு முகம்கூடத் தெரியாத யாரோ. ஹன்டிங்டன் மெக்கானிக்குக்கும், சராசரி எடையை நிர்ணயித்த அதிகாரிக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. 21 பேர் சாவில்தான் இரண்டும் சந்தித்தன.

அரசாங்கத்தின் பங்கு பற்றியும் அறிக்கை மழுப்பவில்லை. ஏர் மிட்வெஸ்ட் தன் பராமரிப்பை ரேதியான் ஏரோஸ்பேஸ் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அந்த நிறுவனமோ மெக்கானிக்குகளை வேறொரு ஆள் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து எடுத்தது. ஆக, டிக்கெட் விற்றது ஒருவர், வேலையை எடுத்தது ஒருவர், சம்பளம் கொடுத்தது ஒருவர். ஹன்டிங்டனில் நடந்ததை விமான நிறுவனம் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை, அந்த நிறுவனத்தை எஃப்.ஏ.ஏ. ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை, எடைக் கணக்கின் அடிப்படையே தவறு என்று 2004 பிப்ரவரியில் வாரியம் முடிவு சொன்னது. விபத்து நடந்த அதே மாதத்தில் சின்ன விமானங்களில் பயணிகளையும் பெட்டிகளையும் நிறுத்துக் கணக்கெடுக்க எஃப்.ஏ.ஏ. உத்தரவிட்டது. 2004-இல் சராசரி எடைகளும் உயர்ந்தன. ஒப்பந்த முறை உங்கள் வாழ்க்கையிலும் வரும். உங்களில் பலருக்கு முதல் வேலையே ஒப்பந்தத் தொழிலாளர் வேலையாகத்தான் இருக்கும். சட்டைப்பையில் எந்த நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கினாலும், செய்த வேலையைப் பதிவுசெய்யும் டாஸ்க் கார்டில் இருக்கும் பெயர் உங்களுடையது.

இது எங்கோ ஒருமுறை நடந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே 2003, ஆகஸ்ட் 26. அதே பீச் 1900டி ரகம். மாசசூசெட்ஸில் ஹயானிஸ் விமான நிலையம். கோல்கன் ஏர் விமானத்தில் எலிவேட்டர் ட்ரிம் கேபிளை மாற்றினார்கள். விமானி பிடியைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்காமலே எலிவேட்டரை ஒரு நிலையில் நிறுத்தி வைக்க உதவுவதுதான் ட்ரிம். மேனுவலில் ட்ரிம் டிரம்மின் படமே தலைகீழாக இருந்தது. கேபிளைத் தவறாக மாட்டிவிட்டார்கள். மாட்டியபின் செய்த சோதனையும் போதுமானதாக இல்லை. விமானிகளும் செக்லிஸ்ட்டின்படி ட்ரிம்மைப் பார்க்கவில்லை. பயணிகள் இல்லாமல் விமானத்தை இடம் மாற்றக் கிளம்பிய அந்த இரண்டு விமானிகளும் சில நிமிடங்களில் கடலில் விழுந்து இறந்தார்கள். மூக்கை மேலே ஏற்றச் சொன்னால் ட்ரிம் கீழே இறக்கியது. யாராவது ஒருவர் வாலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொருவர் உள்ளே ட்ரிம்மை இயக்கச் சொல்லி, எந்தத் திசையில் போகிறது என்று சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். இரண்டு ஆள், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது பராமரிப்புப் பிழையால் நடந்ததல்ல, ஆனால் நமக்கு மறக்கக்கூடாத விபத்து. 2015 டிசம்பர் 22, டெல்லி. எல்லைப் பாதுகாப்புப் படையின் சூப்பர் கிங் ஏர் விமானம் ராஞ்சிக்குக் கிளம்பி, சற்று நேரத்திலேயே துவாரகா அருகே விழுந்தது. 10 பேரும் இறந்தார்கள். தரையை விட்டு எழும்பியதுமே, பனிமூட்டத்தில், போக வேண்டிய திசையைப் பிடித்து வைக்கும் ஹெடிங் மோடைத் தேர்ந்தெடுக்காமல் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டதும், விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனதைத் திருத்தாததும்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதில் பயணம் செய்தவர்களில் பெரும்பாலோர் டெக்னீஷியன்கள். ராஞ்சியில் நின்றுகொண்டிருந்த ஒரு ஹெலிகாப்டரைச் சரிசெய்யப் போனவர்கள். டூல் பாக்ஸோடு போனவர்கள். நம்மவர்கள். சின்ன விமானத்தில் நாமும்தான் ஏறுகிறோம், யாரோ ஒருவர் ஒழுங்காகச் செய்த வேலையை நம்பித்தான் ஏறுகிறோம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலில் உங்கள் லாக்புக். லைசென்ஸுக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு லாக்புக்கில் பதிவு வேண்டும், பதிவுக்குக் கையெழுத்து வேண்டும். பக்கங்களை மொத்தமாக நிரப்பிக்கொண்டு போய் ஒரே மாலையில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் சில இடங்களில் இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதாதீர்கள். ரிக்கிங் பார்த்ததாக எழுதியிருக்கும் பையனுக்கு நாளைக்கு ஒருவர் ரிக்கிங் கொடுப்பார், பார்த்தவன்தானே என்று நம்பிக் கொடுப்பார். ‘எனக்கு இது முதல்தடவை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் வாயைத் திறக்க முடியாது, அவனுடைய லாக்புக்கே அவன் வாயை அடைத்துவிடும். ஹன்டிங்டனில் இருந்த மெக்கானிக்காவது தனக்குப் புதிய வேலை என்று ஒளிக்காமல் இருந்தார், அதனால் ஒரு ஆசிரியர் கிடைத்தார். நீங்கள் அதைக்கூட இழந்துவிடுவீர்கள். லைசென்ஸ் ஆறு மாதம் தாமதமாக வரட்டும். வீட்டில் கடன் இருக்கிறது, அப்பா கேட்கிறார், தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்து, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சீனியரையே ஆய்வுக் கையெழுத்தும் போடச் சொன்னால் மறுக்கப் பழகுங்கள். நம் ஊரில் இது சுலபமில்லை. அவர் உங்களுக்கு அண்ணன், சார், சாப்பாடு வாங்கிக் கொடுத்தவர். ‘என்னடா, என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று ஒரு கேள்வி கேட்டால் நமக்குக் கை கால் ஓடாது. அவரிடம் மரியாதையாகவே சொல்லலாம்: ‘சார், நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. அதனாலேயே இன்னொருத்தர் பார்க்கட்டும் சார்.’ நல்ல பொறியாளர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவர் என்றால், அன்றைக்கு நிச்சயம் இன்னொருவர் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்பைத் தாண்டுவது பற்றி. தாண்டலாமா என்று இருவர் சேர்ந்து பேசி முடிவெடுக்கிற அதிகாரம் ஹேங்கர் தரையில் யாருக்கும் இல்லை. ஒரு ஸ்டெப் பொருந்தாது என்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு, காலை முதல் ஃப்ளைட்டுக்கு விமானம் வேண்டும் என்று போன் அடித்துக்கொண்டிருக்கும்போது இது கஷ்டம். இரவு ஷிஃப்டில் நம் மூளை பாதிதான் வேலை செய்யும், அது உடம்பின் இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் ஸ்டெப்களைப் பகலில், தெளிவான மூளையோடு ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இரவில் நாம் அவரோடு வாதாடக்கூடாது.

மனிதக் காரணிகளைப் பற்றிய மாட்யூல் 9-க்கு, மனிதப் பிழைக்கான பன்னிரண்டு காரணங்களை டர்ட்டி டசன் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஹன்டிங்டன் இரவைப் படித்துப் பாருங்கள். அசட்டை, அறிவுக் குறைவு, துணிந்து பேசாமை என்று எத்தனை பொருந்துகிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலை மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் இதே பிழையைச் செய்வார்கள், ஏனென்றால் பிழை நடக்கும்போது அது ‘அசட்டை’ என்ற பெயரோடு வராது. ‘டென்ஷன் மட்டும்தானே’ என்ற நியாயத்தோடு வரும். அந்த நியாயம் கேட்க மிகச் சரியாகவும் இருக்கும்.

அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. இழப்பீடு வழக்குகள் நடந்தன, பணம் பேசி முடிந்தது. ஆனால் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் தகப்பன் பணத்தோடு விடவில்லை. நடந்தது எங்கள் தவறு என்று நிறுவனம் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று நின்றார்கள். 2005 மே மாதம், ஷார்லட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், குடும்பங்கள் கூடியிருக்க, ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் தலைவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். வக்கீல்கள் இப்படிச் சொல்ல விடமாட்டார்கள் என்பதுதான் உலக வழக்கம். அந்தப் பெற்றோர் அதை மாற்றிக் காட்டினார்கள். பணம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற எல்லா நிறுவனங்களும் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் நாளைக்கு மேலாளர் நாற்காலியில் உட்காரும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். இந்த விபத்தின் முழு அறிக்கை என்.டி.எஸ்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் உங்கள் மேனுவலை வாசிக்க முடிகிறவர்கள் அதையும் வாசிக்க முடியும். எல்லாம் வேண்டாம், ஹன்டிங்டன் ஹேங்கரில் நடந்ததைப் பற்றிய பகுதியை மட்டும் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு மாட்யூல் 9 வகுப்பில் எழுந்து ஆசிரியரிடம் கேளுங்கள்: நாங்கள் பயிற்சிக்குப் போகிற இடத்தில் கற்றுக்கொடுப்பவரும் ஆய்வுக் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆளா? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒரு பராமரிப்புப் பொறியாளன்